நாற்றுப் பாக்கெட்டிலிருந்து பிளாஸ்டிக்கை எடுங்கள்: பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்கு ஒரு திறந்த மடல்

பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை நடத்தும் அதிகாரிகளுக்கும், வனத்துறை, தோட்டக்கலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை நாற்றங்கால்களுக்குப் பொறுப்பான அலுவலர்களுக்கும் வணக்கம்.

உடுமலைப் பக்கம் ஒரு சிறிய நாற்றங்கால் நடத்துகிறேன். வேம்பு, புங்கன், நாவல், பூவரசு, மலைவேம்பு என்று சுற்றுவட்டாரத்து விவசாயிகளும் பள்ளிக்கூடங்களும் கேட்கிற கன்றுகளை வளர்த்துக் கொடுப்பது என் தொழில். உங்கள் இயக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. மரம் நடுவதை விழா நாள் வேலையாக விட்டுவிடாமல், பல துறைகளை ஒன்றுசேர்த்து, ஆண்டுக்கணக்கில் திட்டம் போட்டு எடுத்திருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையில்தான் இதைக் கேட்கிறேன். உங்கள் நாற்றங்கால்களில் கன்று வளர்க்கும் கறுப்புப் பாலித்தீன் பாக்கெட்டுக்குப் பதிலாக, தென்னை நார், வாழை நார், ஆலைக் கழிவுப் பஞ்சு ஆகியவற்றால் ஆன நெய்யாத துணிப் பைகளுக்கு மாறுங்கள். ஒரே ஆண்டில் முழுவதும் மாறச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கொள்முதலிலேயே தொடங்குங்கள்.

2022 செப்டம்பரில் இந்த இயக்கம் தொடங்கியபோது, மாநிலத்தில் 24 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் காட்டுப் பரப்பும் மரப் பரப்பும் சேர்ந்து பத்தாண்டில் 33 சதவீதம் ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தீர்கள். அதற்கு 260 கோடி அளவில் கன்றுகள் வேண்டும். என் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். 13 செ.மீ அகலமும் 25 செ.மீ உயரமும் 200 கேஜ் கனமும் உள்ள பாலித்தீன் பாக்கெட் ஒன்று ஏறத்தாழ 3 கிராம் இருக்கும். எல்லாக் கன்றும் இந்தச் சின்னப் பாக்கெட்டில்தான் வளரும் என்று வைத்துக்கொண்டாலே 260 கோடிக்கு 7,800 டன் பாலித்தீன் ஆகிறது. ஆள் உயரக் கன்றுக்கு வாங்கும் பெரிய பாக்கெட்டின் எடை இதைப்போலப் பல மடங்கு. இவ்வளவும் போய்ச் சேருகிற இடம் எது? குப்பை வண்டி வருகிற தெருவா என்றால் இல்லை. ஏரிக்கரை, கரடு, புறம்போக்கு, காட்டு ஓரம், விவசாயியின் வரப்பு. திரும்ப எடுத்துவர யாரும் போகாத இடங்கள்.

நடும் நாளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். பாக்கெட்டைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, மண்கட்டி உடையாமல் கன்றைக் குழியில் இறக்க வேண்டும் என்பது முறை. வெயில் ஏறுவதற்குள் வரிசையை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் வேலை செய்கிறவர்கள் கையால் கிழிப்பார்கள். மண்கட்டி இரண்டாகப் பிளந்து வேர் வெளியே தொங்கும். சிலர் அடியை மட்டும் கீறிவிட்டு அப்படியே குழிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். கிழித்த பாக்கெட் குழியோரம் கிடக்கும், காற்றில் பறக்கும், ஆடு மாடு மெல்லும். மாலையில் யாராவது பொறுக்கிச் சேர்த்தால் அங்கேயே தீ வைத்துவிடுவார்கள். வேலை செய்கிறவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. எடுத்துப்போட வேண்டிய ஒரு பொருளைக் கன்றோடு சேர்த்து அனுப்பியது நாம்தான்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒரு அரசாணை. 2018 ஜூனில் வெளியாகி 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடை ஆணையைச் சொல்கிறேன். சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் முதல் உறிஞ்சுகுழல் வரை தடை செய்த அந்த ஆணையில் சில விலக்குகளும் இருந்தன. அரசுத் துறைகள் ஆர்டர் கொடுத்து வாங்கும் வனத்துறை, தோட்டக்கலை நாற்றங்கால் பைகள் அந்த விலக்குகளில் ஒன்று. பூக்கடைக்காரம்மா கேரிபேக் கொடுத்தால் அபராதம். அரசு நாற்றங்காலில் அதே பாலித்தீனுக்கு அனுமதி. அன்றைக்கு மாற்றுப் பொருள் கைவசம் இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். இன்று அப்படிச் சொல்ல முடியாது. அந்த மாற்றைச் செய்யும் நாரும் இயந்திரமும் ஆட்களும் என் நாற்றங்காலிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறார்கள்.

அதே ஆணையில் தடை செய்த பொருள்களில் நான்-ஓவன் பையும் இருந்தது. கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுத் தருவார்களே, கையில் எடுத்தால் துணி மாதிரியே இருக்கும், அந்தப் பைதான். அது பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். அதைத் தடை செய்தது சரிதான். ஆனால் அதன்பின் நான்-ஓவன் என்றாலே பிளாஸ்டிக் என்று அலுவலகங்களில் ஒரு எண்ணம் படிந்துவிட்டது. நான்-ஓவன், அதாவது நெய்யாத துணி என்பது செய்முறையைக் குறிக்கிறது. நூல் நூற்காமல், தறியில் ஏற்றாமல், இழைகளை அப்படியே படுக்கையாகப் பரப்பி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்வது. எந்த இழையைப் பரப்புகிறோம் என்பதைப் பொறுத்து அது பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம், பருத்தியாகவும் தென்னையாகவும் இருக்கலாம்.

தென்னை நாரில் அதைச் செய்வதைப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஆலையில் நின்று பார்த்திருக்கிறேன். உரிமட்டையிலிருந்து எடுத்த மஞ்சியை, அதாவது நாரை, முதலில் தூள் போக உதறிப் பிரிக்கிறார்கள். பிரித்த நார் ஒரு பட்டையின் மேல் மெத்தையாகப் படிந்து மெதுவாக நகர்ந்து வருகிறது. கை வைத்தால் உள்ளே அமுங்கும். ஒரு பிடி இழுத்தால் கையோடு வந்துவிடும். அது ஊசிப் பலகைக்கு அடியில் போகிறது. அந்தப் பலகையில் ஆயிரக்கணக்கில் ஊசிகள். ஒவ்வொரு ஊசியின் பக்கவாட்டிலும் சின்னச் சின்ன முள் வெட்டுகள் இருக்கின்றன. பலகை இறங்கும்போது அந்த முட்கள் மேலே கிடக்கும் நாரைக் கொத்திக் கீழே இழுத்துச் செல்கின்றன. ஏறும்போது நாரை அங்கேயே விட்டுவிட்டு வெறுமனே திரும்புகின்றன. மறுபக்கம் வெளியே வரும்போது ஒரு முழ உயரத்து மெத்தை விரல் தடிமன்கூட இல்லாத விரிப்பாகியிருக்கிறது. இரண்டு கையால் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பசை இல்லை, நூல் இல்லை, தண்ணீர்கூட இல்லை.

இந்த விரிப்பு நம் ஊருக்குப் புதிதல்ல. மெத்தைக்குள் வைக்கிறார்கள். களை வராமல் செடியைச் சுற்றிப் போடும் வட்டத் தட்டாகவும், தொங்கும் பூங்கூடைக்கு உள்விரிப்பாகவும் வெட்டி வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே யாருடைய வீட்டு மாடத்திலோ பூச்செடி நம் தென்னை நாரில் வளர்கிறது; இங்கே நம் வேப்பங்கன்று பாலித்தீனில் வளர்கிறது.

தென்னை நாரின் பெரிய பலம் அதிலுள்ள லிக்னின் என்ற, எளிதில் மக்காத பொருள். நாரில் ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு மேல் அதுதான். அதனால்தான் தினமும் தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் மக்காது; மண்ணில் போட்டால் சில ஆண்டுகள்கூடத் தாங்கும். மண் அரிப்பைத் தடுக்கச் சரிவுகளில் தென்னை நார் வலை விரிப்பதும் இதற்காகவே. பருத்தி இதற்கு நேர்மாறு. ஈரமண்ணில் சில வாரங்களிலேயே நைந்துவிடும். வாழை நாரும் சணலும் இரண்டுக்கும் நடுவில் வரும். இந்த வேறுபாடு நமக்குச் சாதகமானது. சவுக்குக் கன்று சில மாதங்களில் வயலுக்குப் போய்விடும். வேம்பும் புங்கனும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நாற்றங்காலில் நிற்கும். சாலையோரத்துக்கு வளர்க்கும் உயரக் கன்றுகள் அதைவிட அதிக காலம் நிற்கும். முதல் வகைக்குப் பஞ்சு கூடுதலாக, கடைசி வகைக்குத் தென்னை நார் கூடுதலாகக் கலந்து பை செய்யச் சொல்லலாம். பாலித்தீனில் இந்தச் சௌகரியம் கிடையாது. மூன்று மாதக் கன்றுக்கும் மூன்று ஆண்டுக் கன்றுக்கும் அழியாத ஒரே பொருள்தான்.

வாழையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மரம் ஒரே ஒரு குலைதான் தள்ளும். அறுவடை முடிந்தால் தண்டை வெட்டித்தான் ஆக வேண்டும். தேனியிலும் திருச்சியிலும் தூத்துக்குடியிலும் வெட்டிய தண்டை அப்புறப்படுத்த விவசாயி கூலி கொடுக்கிறார். அதிலிருந்து நார் உரிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிறது. நார் உரிப்பவர்களுக்குக் குறையாக இருப்பது நிலையாக வாங்கும் ஆள். கைவினைப் பொருளுக்குப் போகிற நார் கொஞ்சம்தான். நாற்றுப் பைக்கு அழகான, மெல்லிய, வெள்ளை நார் தேவையில்லை. அஞ்சாறு செ.மீ நீளத்துக்கு வெட்டி, பழுப்பாகவே போடலாம்.

பஞ்சுக்கும் இதே கதைதான். கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் நூற்பாலைகளில் பஞ்சைச் சீவிப் பிரிக்கும் கார்டிங்கில் விழும் கழிவுப் பஞ்சில், நூலுக்கு ஆகாத அளவு இழை குட்டையாக இருக்கும். ஊசிக் குத்து விரிப்பில் நீள நாரோடு கலந்தால் அது போதும். வெளுக்க வேண்டாம், சாயம் வேண்டாம். மண்ணுக்குள் போகிற பொருளுக்கு நிறம் எதற்கு? ஆனால் பனியன் வெட்டும்போது மிஞ்சும் துண்டுத் துணியான திருப்பூர் கட்டிங் வேஸ்ட் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அதில் பாலியெஸ்டர், லைக்ரா என்ற செயற்கை இழைகளும் கலந்து வரும். பனியன் துணிதானே என்று சேர்த்துவிட்டால் நாம் தவிர்க்க நினைத்ததே உள்ளே வந்துவிடும்.

இனி வேரைப் பற்றி. ஒரு வருடம் பாலித்தீனில் நின்ற நாவல் கன்றை எடுத்துக் கழுவிப் பாருங்கள். ஆணிவேர் அடியைத் தொட்டதும் திரும்பி, பாக்கெட்டின் உட்சுவரை ஒட்டி வட்டம் வட்டமாகச் சுற்றியிருக்கும். அதை அப்படியே நட்டால் மண்ணுக்குள்ளும் பல காலம் அந்தச் சுருள் மாறாது. மேலே இலை பளபளவென்று இருக்கும், கீழே மரத்துக்குப் பிடிப்பு இருக்காது. நார்ப் பையில் வளர்த்த கன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வேர் நுனி பைச்சுவரைத் துளைத்து வெளியே எட்டிப் பார்க்கிறது, காற்று பட்டதும் நுனி கருகி நின்றுவிடுகிறது. உடனே பின்னாலிருந்து பக்கவேர்கள் கிளைக்கின்றன. பையோடு குழியில் வைத்தால் அந்த வேர்கள் எல்லாத் திசையிலும் நேராகப் போகின்றன. கீற வேண்டாம், மண்கட்டி உடையாது, நட்ட முதல் வாரத்து வாட்டம் குறைகிறது. நான் வளர்த்த கன்றுகளில் கண்டதைத்தான் சொல்கிறேன். நீங்கள் உங்கள் நாற்றங்காலில் வைத்துச் சோதித்துக்கொள்ளலாம்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். நார்ப் பையின் சுவர் வழியாக ஈரம் ஆவியாகிறது. சித்திரை வெயிலில் பாலித்தீன் கன்றைவிட இதற்கு அதிகத் தண்ணீர் வேண்டும். பைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, வெளிச் சுற்றுக்கு மண் அணைத்தால் பெருமளவு சரியாகிறது. அப்புறம், தரையில் நேராக வைத்தால் வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் போய்விடும். பக்கத்துப் பைக்குள்ளும் போகும். சீராக இடம் மாற்றி வைக்க வேண்டும், அல்லது கல் பரப்பியோ மேடை போட்டோ அடுக்க வேண்டும். மண் நிரப்பும்போது பை நிமிர்ந்து நிற்கவும் வேண்டும். மெல்லிய விரிப்பாக இருந்தால் தொய்ந்துவிடும். கறையானுக்கும் கவனம் தேவை. இவையெல்லாம் நாற்றங்கால் ஆட்கள் ஒரு பருவத்தில் பழகிக்கொள்ளக் கூடிய வேலைகள்தான். ஆனால் சொல்லிக் கொடுக்காமல் பையை மட்டும் அனுப்பிவிட்டு, கன்று காய்ந்ததும் இது சரிப்படாது என்று கோப்பை மூடிவிடக் கூடாது.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. சந்தையில் மக்கும் நாற்றுப் பை என்ற பெயரில் வெள்ளை நிறத்தில் மெல்லிய நான்-ஓவன் பைகள் விற்கிறார்கள். நானும் ஒரு வியாபாரியிடம் கட்டுக்கட்டாக வாங்கி ஏமாந்திருக்கிறேன். வெயிலில் நின்ற பை சில மாதங்களில் தொட்டாலே பொடிந்தது. மக்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு துண்டை எடுத்துத் தீக்குச்சி வைத்ததும் விஷயம் தெரிந்தது. சுருங்கி, உருகி, சொட்டாக வடிந்து, ஆறியதும் கெட்டி மணியாகிவிட்டது. மெழுகு நாற்றம். சுத்தமான பாலிப்ரொப்பிலீன். தாவர நார் உருகவே உருகாது. காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் மாவாகும் சாம்பலை விடும். வெயிலில் பொடிந்த அந்த வெள்ளைப் பை பாலித்தீன் பாக்கெட்டைவிட மோசமானது. பாக்கெட்டையாவது முழுதாகப் பொறுக்கலாம், அந்தப் பொடியை மண்ணிலிருந்து பிரிக்கவே முடியாது.

அதனால் டெண்டரில் வெறுமனே மக்கும் பை என்று எழுதிவிடாதீர்கள். எழுதினால் இந்த வெள்ளைப் பைகள்தான் மிகக் குறைந்த விலையில் உங்கள் கிடங்கை நிரப்பும். முழுக்கத் தாவர நார் என்று எழுதுங்கள். பாலிப்ரொப்பிலீனும் பாலியெஸ்டரும் எந்த விகிதத்திலும் கூடாது என்று தனியாக எழுதுங்கள். ஏனென்றால் இழை நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று உருகும் பாலியெஸ்டரைக் கொஞ்சம் கலப்பது இத்தொழிலில் வழக்கம். தையல் நூலும் பருத்தியோ சணலோதான் என்று எழுதுங்கள். நார்ப் பையை நைலான் நூலில் தைத்து அனுப்பினால் பை மக்கிய பிறகு அந்த நூல் வேரைச் சுற்றிக் கிடக்கும். ஒட்டுப் பொருள் தேவைப்பட்டால் இயற்கை ரப்பர் பால் மட்டும். சோளத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் எடுக்கும் பிஎல்ஏ என்ற பொருளைச் சிலர் முன்வைப்பார்கள். அது தாவரத்திலிருந்து வந்ததுதான். ஆனால் சீக்கிரம் மக்க வேண்டும் என்றால் 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் பெரிய உரக் கிடங்கு வேண்டும். நம் குழிமண்ணில் அந்தச் சூடு வராது. அது இந்த வேலைக்கு வேண்டாம். ஒவ்வொரு சரக்கிலும் மாதிரி எடுத்துக் கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் சோதிக்கலாம். அதற்கு முன் வனச்சரக அலுவலகத்திலேயே ஒரு தீக்குச்சியால் பாதிக் கலப்படம் வெளிப்பட்டுவிடும்.

விலைக்கு வருகிறேன். நார்ப் பை பாலித்தீன் பாக்கெட்டைவிட விலை கூடுதல், அதை மறைக்கப் போவதில்லை. பாலித்தீனைக் கிலோ கணக்கில் வாங்குகிறீர்கள், அதனால் ஒன்றின் விலை கண்ணுக்கே தெரிவதில்லை. ஆனால் அந்த விலைக்குள் பாக்கெட்டைக் கீறி எடுக்கும் கூலி இல்லை, பொறுக்கும் கூலி இல்லை, மண்கட்டி உடைந்து பட்டுப்போன கன்றுக்குப் பதில் மறு நடவு செய்யும் செலவு இல்லை. பிழைத்து நிற்கும் ஒரு மரத்துக்கு ஆன மொத்தச் செலவு என்று கணக்குப் போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். இன்னொன்று, நார்ப் பை இன்று விலை கூடுதலாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அதைக் கொத்தாக வாங்க ஆள் இல்லாததுதான். என்னைப் போன்றவர்கள் சில ஆயிரம் பை கேட்டால், ஏற்றுமதி விரிப்பு ஓடும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு யாரும் நமக்காக ஓட்ட மாட்டார்கள். கோடிக்கணக்கில் நாற்றுப் பை வாங்கக் கூடியவர்கள் நீங்கள். மூன்று ஆண்டுக்கு இவ்வளவு எடுப்போம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், பொள்ளாச்சியிலும் காங்கேயத்திலும் அதற்கென்றே இயந்திரம் போட ஆள் வருவார்கள். பை தைக்கும் வேலையை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். தையல் இயந்திரம் ஓட்டத் தெரிந்த பெண்கள் இல்லாத ஊர் கொங்கு நாட்டில் கிடையாது.

இதற்கான அமைப்புகளும் புதிதாக உருவாக வேண்டியதில்லை. கோவையில் மாநில அரசின் கயிறு வணிக மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசின் கயிறு வாரியத்துக்குப் பொள்ளாச்சியில் அலுவலகம் இருக்கிறது. தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்துக்கு 2020-ல் 1,480 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், வேளாண் ஜவுளியும் அதில் ஒரு பிரிவு. எந்த மரத்துக்கு எந்தக் கலவை என்று சோதித்துச் சொல்ல மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரியும் கோவை வன மரபியல் நிறுவனமும் இருக்கின்றன. இவர்கள் எல்லோரையும் ஒரு மேசையில் உட்கார வைக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

முதல் ஆண்டுக்கு நான் கேட்பது இவ்வளவுதான். கோவை, திருப்பூர், தேனி, திருச்சி ஆகிய நார் கிடைக்கும் மாவட்டங்களில் மட்டும், கன்றுகளில் பத்தில் ஒன்றை நார்ப் பையில் வளர்த்துப் பாருங்கள். வேம்பு, புங்கன், நாவல் போதும். நட்ட பிறகு ஓராண்டு கழித்து எத்தனை பிழைத்தன என்று பாலித்தீன் கன்றுகளோடு ஒப்பிட்டு, அந்தக் கணக்கைத் தமிழில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அது நன்றாக வந்தால், நாற்றங்கால் பைக்குக் கொடுத்த விலக்கு எந்த ஆண்டோடு முடிகிறது என்று ஒரு தேதியை அறிவியுங்கள். தேதி தெரிந்தால்தான் ஆலைக்காரரும் முதல் போடுவார், என்னைப் போன்ற தனியார் நாற்றங்கால்காரர்களும் மாறத் தயாராவோம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நட வேண்டிய கன்றுக்குத் தை, மாசியில் மண் நிரப்புகிறோம். அதற்குள் பை கைக்கு வர வேண்டுமானால் டெண்டர் விதிகளை இந்த மழைக்காலம் முடிவதற்குள் எழுதியாக வேண்டும். விதிகளின் வரைவை வெளியிட்டால் நாரைக் கையாளுகிறவர்களும் கன்று வளர்ப்பவர்களும் படித்துக் கருத்துச் சொல்வோம். உங்கள் வனவர்கள் யாராவது நார்ப் பைக் கன்றைப் பிரித்து வேரைப் பார்க்க விரும்பினால் என் நாற்றங்காலுக்கு எந்த நாளிலும் வரலாம்.

இப்படிக்கு,
உடுமலை வட்டாரத்து நாற்றங்கால்காரன் ஒருவன்